மகள் ரிசேர்வில் வீடு கட்டப்போகிறாள். சேர்த்த பணத்தைக் கொடுக்கலாமா?

ஸ்காபுறோவிலிருந்து ஒரு தாய் ஆறு பக்கங்களில் எழுதிய கடிதத்துக்கான பதில் இது. ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

வலிகாமம் வடக்கில் பிறந்தவர். தகப்பனார் புகையிலைத் தோட்டம் செய்தவர். 1990இல் குடும்பமே ஊரை விட்டு எழும்பியது. காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. 2017இல் திரும்பக் கிடைத்தபோது வீடு இல்லை, கிணறு மட்டும் இருந்தது. அதற்குள் இவர் கனடாவில் வேரூன்றிவிட்டார். கணவரும் இவரும் இரண்டு இரண்டு வேலை செய்து வீட்டுக் கடனை அடைத்தார்கள். கணவர் இப்போது இல்லை. ஒரே மகள், 29 வயது, தாதி. வட ஒன்ராறியோ மருத்துவமனை ஒன்றுக்கு வேலைக்குப் போன இடத்தில், ஹூரன் ஏரியின் வடகரையில் உள்ள அனிஷினாபே பூர்வகுடிச் சமூகம் ஒன்றைச் சேர்ந்த ஆசிரியரை விரும்பியிருக்கிறார். வரும் கோடையில் கல்யாண எழுத்து. பிறகு ரிசேர்வில், அதாவது அந்தப் பூர்வகுடிச் சமூகத்துக்கென ஒதுக்கப்பட்ட நிலப்பகுதியில், மாப்பிள்ளையின் தகப்பனார் பெயரில் உள்ள நிலத்தில் வீடு கட்டுவதாக முடிவு. மகளுக்கென்று சேர்த்த 120,000 டொலரைத் தாய் அதற்குக் கொடுக்கவேண்டும்.

பையனில் குறை இல்லை என்று எழுதுகிறார். ஆனால் மனம் ஆறவில்லை. "அவர்களுக்கு வரி இல்லை, படிப்பு இலவசம், இப்போது ஒன்றும் செய்யாமலே பெரிய தொகை ஒன்றும் கிடைத்திருக்கிறது. நாங்கள் வெறுங்கையோடு வந்து உழைத்தோம். அவர்களும் ரிசேர்வை விட்டு வெளியே வந்து தனித்தனியாக உழைத்து முன்னேறினால் என்ன? ஒரு நாட்டில் எல்லோரும் ஒரே மாதிரித்தானே இருக்கவேண்டும்?" என்பது ஒரு பக்கம். "ரிசேர்வுக்குள் கனடாச் சட்டம் செல்லாது, மகளை வெளியே போ என்றால் போகவேண்டியதுதான் என்கிறார்களே" என்பது மறுபக்கம்.

அன்புள்ள அக்கா,

நான்காம் பக்கத்தின் ஓரத்தில், சிறிய எழுத்தில், இந்தக் கல்யாணத்தை நிறுத்த வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அந்த வரியை அடித்துவிடாமல் அனுப்பியதற்காக உங்களை மதிக்கிறேன், ஆனால் பதில் அவ்வளவுதான்.

பணத்தைப் பற்றிய பதிலும் சுருக்கமானது: இப்போதைக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள். மூன்று கடதாசிகள் கைக்கு வந்தபின் யோசிக்கலாம். அவை எவை என்று கீழே சொல்கிறேன். ஆனால் நேரே அங்கே தாவினால், ரிசேர்வ் நிலம் ஏன் விற்கவும் ஈடு வைக்கவும் முடியாத நிலமாக இருக்கிறது என்பது உங்களுக்கு விளங்காது. மருமகன் வீட்டார் உங்களை ஏமாற்றுகிறார்கள் என்றே நினைப்பீர்கள். ஆகவே கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

நான்கு டொலர்

"ஒன்றும் செய்யாமலே கிடைத்த தொகை" என்கிறீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். 1850 செப்டம்பரில், மருமகனின் முன்னோர் ஹூரன் ஏரிக்கு வடக்கே இருந்த பெருநிலப்பரப்பை அரச பிரதிநிதியான வில்லியம் ரொபின்சனுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார்கள். இனாமாக அல்ல. ஆண்டுதோறும் ஒரு தொகை தரப்படும். நிலத்திலிருந்து வருமானம் பெருகினால், அரசுக்கு நட்டம் வராத அளவுக்கு அந்தத் தொகையும் கூட்டப்படும் என்பது பேச்சு. 1875இல் அது ஆளுக்கு நான்கு டொலர் ஆயிற்று. பிறகு கூட்டப்படவே இல்லை. சட்பரியின் நிக்கல், எலியட் லேக்கின் யுரேனியம், கணக்கற்ற மரம் எல்லாம் அந்த நிலத்திலிருந்து போயின. அவருடைய பாட்டியின் காலத்திலும் நான்கு டொலர், தகப்பனின் காலத்திலும் நான்கு டொலர். இன்றைக்கு அது ஒரு கோப்பிக்கும் டோனட்டுக்குமே காணாது.

21 சமூகங்கள் வழக்காடின. 2023இல் மத்திய அரசும் ஒன்ராறியோவும் பாதிக்குப் பாதியாக ஆயிரம் கோடி டொலர் தர உடன்பட்டன. அது பழைய பாக்கிக்கு மட்டும். 2024 ஜூலையில் இதே ஒப்பந்தங்களைப் பற்றித் தீர்ப்பளித்த கனடா உச்ச நீதிமன்றம், ஒன்றரை நூற்றாண்டாக அந்த மக்களிடம் இருந்தது வாக்குறுதியின் வெறுங்கூடுதான் என்ற பொருள்பட எழுதியது. மருமகனுக்கு ஒரு தொகை கிடைத்திருந்தால், அது 1875இலிருந்து கூட்டாமல் விட்ட குத்தகைப் பாக்கியில் அவருடைய பங்கு. உதவித்தொகை அல்ல.

இங்கேதான் உங்கள் முதல் தவறான எண்ணம் இருக்கிறது. நம்மவர் பலரிடம் நான் கேட்கும் எண்ணமும் அதுதான். அகதியாக வந்தவருக்கு அரசு தருவது சலுகை, கொடுக்கலாம், நிறுத்தலாம். பூர்வகுடிகளுக்கு அரசு பட்டிருப்பது கடன். அதன் அடியில் ஒரு எழுத்து இருக்கிறது. எங்கள் ஊரில் காணிப் பத்திரத்துக்கு உறுதி என்றுதான் பெயர். அந்த உறுதிகளை 1982ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 35ஆம் பிரிவு அங்கீகரித்து உறுதிப்படுத்தியது. அவற்றை நிறைவேற்றுவதில் மன்னரின் மானம் தங்கியிருக்கிறது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அந்தக் கோட்பாடு படிக்கும் காலத்தில் எனக்குப் பழங்கதைபோலத் தோன்றியது. இப்போது இந்த நாட்டுச் சட்டத்தில் அதைவிடக் கூர்மையான கருவி அதிகம் இல்லை என்று நினைக்கிறேன்.

உறுதி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நீங்கள் இருபது வருடம் வேலைக்குப் போய்வந்த ரொறன்ரோ டவுன்ரவுன் நிலத்தை ஆங்கிலேயர் வாங்கியது 1787இல். பிற்பாடு எடுத்துப் பார்த்தால் உறுதி வெற்றுத்தாள். மூன்று தலைவர்களின் குறிகள் வேறு துண்டுகளில் இருந்தன; அவற்றை அதோடு சேர்த்து வைத்திருந்தார்கள். 1805இல் பத்து ஷில்லிங் கொடுத்து மறுபடி எழுதினார்கள். இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல். அந்த நிலத்தின் பூர்வகுடிகளான மிசிசாகா மக்களுக்கு அதற்கான ஈடாக 14 கோடியே 50 இலட்சம் டொலர் கிடைத்தது 2010இல். பிழையான உறுதியோடு காணி கைமாறினால் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தரவேண்டியதில்லை.

இங்குள்ள மூத்தோர் ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசும்போது சூரியன் ஒளிரும்வரை, புல் வளரும்வரை, ஆறு ஓடும்வரை என்பார்கள். நம் கல்வெட்டுகளிலும் தானம் கொடுத்தவன் 'சந்திராதித்தவரை' என்றுதான் வெட்டிவைத்தான். கொடுத்தவனின் பேரன் வந்து "அது அந்தக் காலம்" என்று சொல்லிவிடக்கூடாது என்பதற்காகத்தான் சந்திரனையும் சூரியனையும் சாட்சிக்கு அழைத்தார்கள்.

"வெளியே வந்து உழைத்தால் என்ன?"

எல்லோரும் ஒரே மாதிரித் தனிமனிதராக வாழட்டும் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இந்த யோசனை உங்களுக்கு முன்பே கனடா அரசுக்கு வந்துவிட்டது. நூறு வருடத்துக்கு மேல் அதைச் செய்தும் பார்த்தார்கள்.

1857இல் ஒரு சட்டம் வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த, கடன் இல்லாத, நன்னடத்தை உள்ள பூர்வகுடி ஆண், தன் சமூகத்தை விட்டு விலகினால் பிரித்தானியக் குடிமகனுக்குரிய உரிமை. கூடவே ரிசேர்விலிருந்து வெட்டியெடுத்த 50 ஏக்கர் வரை நிலம். விரும்பிப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். விரும்பி வராவிட்டால் விரும்பாமலே எடு என்று 1876இன் இந்தியன் சட்டம் வந்தது (பூர்வகுடிகளைத்தான் அது இந்தியர் என்றது). ஒருவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றால், மருத்துவரோ வழக்கறிஞரோ பாதிரியாரோ ஆனால், அத்துடன் அவர் இந்தியர் அல்லர் என்று அது எழுதியது. படித்து முன்னேறு, ஆனால் முன்னேறியதும் உன் தாயின் ஊரில் உனக்கு இடம் இல்லை. 1927இலிருந்து 1951வரை, தங்கள் நிலக்கோரிக்கைக்கு வழக்கறிஞர் வைக்கப் பணம் திரட்டுவதே அவர்களுக்குக் குற்றம். என் தொழிலைச் சேர்ந்தவன் அவர்களுக்காக அந்தக் காலத்தில் காசு வாங்கியிருந்தால் அவனும் குற்றவாளி. தம் நிலையை இழக்காமல் மத்தியத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை எல்லோருக்கும் வந்தது 1960இல்தான். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்த விடுதிப் பள்ளிகளில் கடைசியானது மூடப்பட்டது 1990களில். உங்கள் மகள் பிறந்த காலத்தை ஒட்டி.

1969இல் பியர் ட்ரூடோவின் அரசு, இந்தியன் சட்டத்தையே ஒழித்துவிடலாம், தனி நிலை வேண்டாம், எல்லோரும் சமமான குடிமக்கள் என்று ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. அந்தச் சட்டத்தால் அவ்வளவு துன்பப்பட்டவர்கள் கைதட்டியிருக்கவேண்டும் அல்லவா? அவர்கள்தான் கடுமையாக எதிர்த்தார்கள். ஆல்பர்ட்டாவின் தலைவர்கள் 1970இல் கொடுத்த பதில் அறிக்கையைச் சிவப்பு அறிக்கை என்கிறார்கள். சமமாக்குவது என்ற பெயரில் ஒப்பந்தக் கடனைத் தள்ளுபடி செய்யும் தந்திரம் அது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். வெள்ளை அறிக்கை திரும்பப் பெறப்பட்டது.

உங்கள் சொந்தக் காணியை வைத்து யோசித்துப் பாருங்கள். அந்த 27 வருடங்களில் யாராவது உங்களிடம், "காணியை விடுங்கள், தனிமனிதராக உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது, எங்கேயாவது போய் உழையுங்கள்" என்று சொல்லியிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? நீங்கள் உழைத்து முன்னேறினீர்கள் என்பது உண்மை. அதற்காகக் காணி உங்களுடையது அல்ல என்று ஆகிவிடவில்லையே.

வரி, படிப்பு, ஸ்டேட்டஸ்

இந்தப் பகுதியில் அதிக நேரம் செலவழிக்கப் போவதில்லை. வரி இல்லை என்பது பாதிதான் உண்மை. ஸ்டேட்டஸ் உள்ளவருக்கு, அதாவது இந்தியன் சட்டத்தின்கீழ் பதிவானவருக்கு, ரிசேர்வில் இருக்கும் சொத்துக்கும் ரிசேர்வோடு தொடர்புள்ள வருமானத்துக்கும் வரிவிலக்கு. மருமகன் ரிசேர்வுப் பள்ளியில் படிப்பித்தால் அந்தச் சம்பளத்துக்குப் பொதுவாக விலக்கு. பக்கத்து நகரப் பள்ளியில் என்றால் உங்களைப்போலவே கட்டுவார். ஒன்ராறியோக் கடைகளில் ஸ்டேட்டஸ் அட்டையைக் காட்டினால் பல பொருட்களுக்கு 13 வீத விற்பனை வரியில் 8 வீதம் கழியும். பல்கலைக்கழகச் செலவுக்கு மத்திய அரசு ஒதுக்கும் தொகை அந்தந்தச் சமூகத்தின் வழியாகப் பகிரப்படுகிறது. அது எல்லோருக்கும் காணாது.

உங்கள் மகளுக்கு இவற்றில் எதுவும் இல்லை. கல்யாணம் யாரையும் ஸ்டேட்டஸ் உள்ளவராக ஆக்குவதில்லை. 1985 ஏப்ரல்வரை அப்படி ஆக்கியது, அதுவும் ஒரு பக்கமாக: ஸ்டேட்டஸ் உள்ள ஆணை மணந்த வெளிப்பெண்ணுக்கு ஸ்டேட்டஸ் வந்தது, வெளியாரை மணந்த பூர்வகுடிப் பெண்ணுக்கு இருந்ததும் போனது. ஹூரன் ஏரியின் மனிட்டூலின் தீவைச் சேர்ந்த ஜெனெட் கோர்பியர் லவெல் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போய் 1973இல் தோற்றார். நியூ பிரன்ஸ்விக்கின் சாண்ட்ரா லவ்லேஸ் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவுக்குப் போய் 1981இல் வென்றார். பிறகுதான் சட்டம் மாறியது.

காட்டுமிராண்டிச் சட்டம் என்று நினைக்கிறீர்களா? நம்முடையதையும் எடுத்துப் பார்க்கலாம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட பெண் வெளியாளை மணந்தால், அந்த மணம் நீடிக்கும்வரை தேசவழமை அவளுக்கு இல்லை. வெளிப்பெண் தேசவழமைக்கு உட்பட்டவரை மணந்தால் அவளும் அதற்கு உட்பட்டவள். இது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். இரண்டையும் எழுதிய கைகளுக்கு மனைவி என்பவள் கணவன் பக்கம் சாய்வதுதான் இயற்கையாகத் தெரிந்திருக்கிறது.

பேரப்பிள்ளைகளின் நிலை மருமகனின் பதிவைப் பொறுத்தது. அவர் இந்தியன் சட்டத்தின் 6(1) பிரிவில் பதிவானவர் என்றால் பிள்ளைகளுக்கு 6(2) பிரிவில் ஸ்டேட்டஸ் கிடைக்கும். அவரே 6(2) என்றால், மகளுக்கு ஸ்டேட்டஸ் இல்லாததால், பிள்ளைகளுக்கு இப்போதைய சட்டப்படி இல்லை. இந்த வெட்டை நீக்குவது பற்றி நாடாளுமன்றத்தில் பேச்சு நடக்கிறது, ஆகவே பிள்ளை பிறக்கும்போது திரும்பப் பார்க்கவேண்டும். ஸ்டேட்டஸும் சமூகத்தின் அங்கத்துவமும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். பல சமூகங்கள் தங்கள் அங்கத்தவர் யார் என்பதைத் தாங்களே வைத்த விதிப்படி முடிவு செய்கின்றன.

ரிசேர்வுக்குள் மகளின் உரிமை

ரிசேர்வுக்குள் கனடாச் சட்டம் செல்லாது என்று உங்களிடம் சொன்னது பிழை. கனடாவின் குற்றவியல் சட்டம் அங்கேயும் செல்லும். மனித உரிமைச் சட்டத்துக்கு இந்தியன் சட்டம் விதிவிலக்காக இருந்த நிலை 2008இல் நீக்கப்பட்டது. ஆனால் முழுப் பிழை என்றும் சொல்லமாட்டேன். ஒரு மக்கள்கூட்டத்துக்குத் தன்னை ஆளும் உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டால், அந்தக் கூட்டத்துக்குள் இருக்கும் தனியாளின் சுதந்திரம் என்னாவது என்ற கேள்வி வந்தே தீரும். சட்டம் இன்னும் அதற்கு முழுப்பதில் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். இரண்டும் இரண்டு திசையில் போனவை.

மொன்றியலுக்கு அருகே உள்ள காநவாகே மோஹாக் சமூகம், வெளியாரை மணந்தவர் ஊருக்குள் வாழக்கூடாது என்று 1981இல் விதி வைத்தது. வெளியே மணந்தால் வெளியே இரு என்பதுதான் சுருக்கம். நிலம் சிறியது, மக்கள் குறைவு, கரைந்துபோவோம் என்ற பயம். அந்தப் பயத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் பிறந்த ஊரிலேயே பிள்ளைகளோடு வாழமுடியாமல் போனவர்கள் வழக்குப் போட்டார்கள். 2018இல் கியூபெக் மேல் நீதிமன்றம் அந்த விதி பாகுபாடு காட்டுகிறது என்று தீர்ப்பளித்தது.

மற்றது யூகோனில். வுண்டுட் க்விச்சின் சமூகத்தின் சபைக்குத் தேர்வானவர், 14 நாட்களுக்குள் ஓல்ட் குரோ கிராமத்துக்குக் குடிபோகவேண்டும் என்பது அவர்களின் அரசியல் யாப்பு. வைட்ஹோர்சில் வாழ்ந்த சிண்டி டிக்சன் என்ற பெண், மகனின் மருத்துவத் தேவைக்காக நகரத்தை விட்டுப் போகமுடியாதவர். எனக்குப் போட்டியிடும் சம உரிமை இல்லையா என்று கேட்டார். 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. உரிமைகள் சுதந்திரங்கள் சாசனம் அந்தச் சமூகத்தின் அரசையும் கட்டுப்படுத்தும். தன் மக்கள்மேல் எதையும் செய்யலாம் என்ற நிலை எந்த அரசுக்கும் இல்லை. ஆனால் தலைவர்கள் நிலத்தோடு இருக்கவேண்டும் என்ற விதி அந்த மக்களின் கூட்டுரிமையைக் காப்பது. சாசனத்தின் 25ஆம் பிரிவு அதற்குக் கேடயம். டிக்சன் தோற்றார். நீதிபதிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. என்னைக் கேட்டால், முதல் பாதி சரி; இரண்டாம் பாதியைப் படிக்கும்போது நோயாளிப் பிள்ளையின் தாய்தான் கண்முன் நிற்கிறாள்.

உங்கள் மகளுக்கு இதிலிருந்து வருவது: அவள் அங்கே உரிமையற்றவளாகப் போவதில்லை, ஆனால் நிலத்துக்கு உடையவளாகவும் போவதில்லை. சபைத் தேர்தலில் அவளுக்கு வாக்கு இருக்காது. யார் யார் ரிசேர்வில் வசிக்கலாம் என்று துணைவிதி வைக்கும் அதிகாரம் சபைக்கு உண்டு. அதே வேளை, 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று, அங்கத்தவர் அல்லாத மனைவிக்கும் குடும்ப வீட்டில் வாழும் உரிமையைத் தருகிறது. கணவர் இறந்தால் 180 நாட்களுக்கு அவளை வெளியேற்றமுடியாது. நீதிமன்றம் அதை நீட்டிக்கலாம். வன்முறை நடந்தால் வீட்டில் தான் மட்டும் வாழ உத்தரவிடும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். பிரிந்தால் வீட்டின் மதிப்பில் பாதியைக் கேட்கலாம். இந்தச் சட்டத்துக்கு முன் இவற்றில் பெரும்பாலானவை ரிசேர்வில் இல்லை. மாகாணக் குடும்பச் சொத்துச் சட்டம் ரிசேர்வ் நிலத்தை எட்டாது என்று 1986இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ஒரு சமூகம் இதற்குப் பதிலாகத் தன் சொந்தச் சட்டத்தை இயற்றியிருக்கலாம். அப்படியானால் அதைத்தான் பார்க்கவேண்டும்.

வீடும் 120,000 டொலரும்

ரிசேர்வ் நிலம் சட்டப்படி மன்னரின் பெயரில், சமூகத்தின் நன்மைக்காக வைக்கப்பட்டது. தனி அங்கத்தவர் ஒருவருக்கு ஒரு துண்டில் உடைமைச் சான்றிதழ் இருக்கலாம். அதை அவர் இன்னோர் அங்கத்தவருக்குத்தான் மாற்றலாம், அதுவும் அமைச்சரின் ஒப்புதலோடு. வெளியாளுக்கு விற்கமுடியாது, வங்கிக்கு ஈடு வைக்கமுடியாது, கடன்காரர் பறிமுதல் செய்யமுடியாது. பங்காளிக்குச் சொல்லாமல் காணி விற்கமுடியாத ஊரில் பிறந்த உங்களுக்கு இதன் நோக்கம் புரியும்: நிலம் துண்டு துண்டாகக் கைநழுவக்கூடாது. அந்தத் தடை இல்லாதிருந்தால் இன்றைக்கு அங்கே ரிசேர்வே இருந்திராது.

ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு உள்ளே போடும் உங்கள் பணத்துக்குப் பாதுகாப்பு இல்லை. மருமகனுக்குக் கடனாகக் கொடுத்து அவர் கையெழுத்து வாங்கினாலும், வழக்கில் வென்றாலும், ரிசேர்வில் உள்ள சொத்தை எடுத்து உங்களுக்குத் தரமாட்டார்கள். இப்போதைய திட்டத்தில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது: நிலம் மருமகனின் பெயரில்கூட இல்லை, தகப்பனாரின் பெயரில் இருக்கிறது. அவருக்கு வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. மருமகன் உயில் எழுதி உங்கள் மகளுக்கு விட்டாலும், அவள் அந்த நிலத்தை வைத்திருக்கமுடியாது. அது அங்கத்தவர் ஒருவருக்கு விற்கப்பட்டு, பணம்தான் அவளுக்கு வரும்.

ஆகவே அந்த மூன்று கடதாசிகள். முதலாவது, வீடு கட்டும் துண்டுக்கு மருமகனின் பெயரில் உடைமைச் சான்றிதழ். தகப்பனார் முறைப்படி மாற்றி, ஒப்புதலும் வந்திருக்கவேண்டும். சில சமூகங்களில் வாய்வழி வழக்கப்படி நிலம் வைத்திருப்பார்கள். சில, தங்கள் சொந்த நிலச் சட்டத்துக்கு மாறிவிட்டன. எது என்று சமூகத்தின் நில அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். இரண்டாவது, சபையிடமிருந்து எழுத்தில்: வதிவிடத் துணைவிதி உண்டா, குடும்பச் சொத்துக்கு அவர்களுடைய சொந்தச் சட்டம் உண்டா, உண்டென்றால் பிரதி. மூன்றாவது, மகளும் மருமகனும் தனித்தனி வழக்கறிஞரை வைத்து எழுதும் திருமண ஒப்பந்தம்; அதில் 120,000 டொலர் யாருடையது, பிரிந்தால் அல்லது ஒருவர் இறந்தால் என்ன என்பது எண்ணாலும் எழுத்தாலும் இருக்கவேண்டும். மருமகனின் வழக்கறிஞரும் மகளின் வழக்கறிஞரும் ஒருவராக இருக்கவே கூடாது.

இவை வந்தாலும் முழுத்தொகையையும் நான் போடமாட்டேன். ரிசேர்வில் வீடு கட்ட சமூகத்தின் உத்தரவாதத்தோடு வங்கிக் கடன் தரும் திட்டங்கள் பல இடங்களில் உண்டு. அதை முதலில் பார்க்கட்டும். உங்கள் பணத்தில் ஒரு பகுதியை மட்டும் வீட்டுக்குக் கொடுத்து, மிச்சத்தை மகளின் பெயரில் வெளியே வையுங்கள். நாளைக்கு அவள் சட்பரியில் ஒரு சிறிய வீடு வாங்க நேர்ந்தால் முற்பணத்துக்கு உதவும்.

மாற்று வழியாக நகரத்திலேயே குடியிருக்கச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். சட்டத்தைப் பொறுத்தவரை மருமகனுக்கு அதில் பெரிய இழப்பு இல்லை. ரிசேர்வுக்கு வெளியே வாழ்பவருக்கும் சபைத் தேர்தலில் வாக்கு உண்டு என்று 1999இல் கோர்பியர் என்ற வேறொருவரின் வழக்கில் முடிவாகிவிட்டது. பணத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு அதுதான் பத்திரம். ஆனால் உங்கள் கடிதத்திலேயே அவர் சொன்னதாக ஒரு வரி இருக்கிறது: பிள்ளைகள் மொழியோடு வளரவேண்டும் என்பதற்காகத்தான் ஊரில் வீடு. மகளைப் பத்து வருடம் சனிக்கிழமை தோறும் பனியில் இழுத்துக்கொண்டு தமிழ் வகுப்புக்குப் போனவர் நீங்கள். அதை ஒரு விலைப்பட்டியலை வைத்துப் பேசாதீர்கள். அந்த முடிவை அவர்கள் இருவரிடமும் விட்டுவிட்டு, பணத்துக்கு மட்டும் நிபந்தனை வையுங்கள்.

கடைசியாக, சம்பந்தி வீட்டுக்கு முதன்முறை போகும்போது என்ன கொண்டுபோவது என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். பலகாரம் கட்டாயம். அனிஷினாபே மக்களிடம், மூத்தோரிடம் ஒன்று கேட்கப் போகும்போது புகையிலை கொடுப்பது மரியாதை. கடைச் சிகரெட் பெட்டி அல்ல, இலையாகவோ தூளாகவோ, சிறிய துணியில் முடிந்து கொடுப்பார்கள். அந்த வீட்டு வழக்கம் என்னவென்று மகளிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல புகையிலை எது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.